நாற்சந்தியில் ஒரு கட்டடம்: சார்மினார் எதன் நினைவாக எழுந்தது?

1. மாடத்திலிருந்து

சார்மினாரின் படிக்கட்டு ஒரு மினாரின் வயிற்றுக்குள் சுழன்று ஏறுகிறது. உள்ளே அரை இருட்டு. மேலிருந்து ஒருவர் இறங்கினால் ஏறுகிறவர் சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழிவிட வேண்டும். கைக்கு எட்டும் உயரம் முழுவதும் சுவரில் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். மூச்சு இரைக்கத் தொடங்கும் வேளையில் வெளிச்சம் முகத்தில் வந்து விழுகிறது. முதல் தளத்து மாடத்துக்கு வந்துவிட்டோம். அதற்கு மேலே, கூரைத் தளத்தின் மேற்குப் பகுதியில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே பார்வையாளர்களை விடுவதில்லை.

மாடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தால் ஹைதராபாத் பழைய நகரத்தின் வடிவம் பிடிபட்டுவிடும். வடக்கே நேர்கோடாக ஒரு சாலை. சற்றுத் தொலைவில் குல்சார் ஹவுஸ் என்னும் நீர்த்தொட்டி, அதைச் சுற்றி நான்கு பெருவளைவுகள், அவற்றுக்கும் அப்பால் முத்துக் கடைகள் நிறைந்த பத்தர்கட்டி. மேற்கே லாட் பஜாரின் வளையல் கடைகள். தெற்கே ஷா அலி பண்டா நோக்கிப் போகும் சாலை, அதன் ஓரத்தில் மக்கா மசூதியும் அதன் புறாக்கூட்டமும். கிழக்கே சர்தார் மஹால் பக்கம் போகும் சாலை. நான்கு சாலைகளும் நம் காலடியில், அந்த நான்கு வளைவுகளுக்குள்தான் சந்திக்கின்றன. கட்டடத்தை வீதியின் ஓரத்தில் கட்டவில்லை. வீதிகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியின் மீதே தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்தக் காட்சியை மனத்தில் இருத்திக்கொண்டுதான் இக்கட்டுரை ஒரு கேள்வியை ஆராய்கிறது. கோல்கொண்டாவின் குதுப் ஷாஹி வம்சத்து ஐந்தாம் சுல்தான் முகம்மது குலி குதுப் ஷா (ஆட்சி 1580–1612) 1591இல் இந்தக் கட்டடத்தை எதற்காக எழுப்பினார்? கீழே நிற்கும் எந்த வழிகாட்டியைக் கேட்டாலும் உடனே பதில் கிடைக்கும். கொள்ளைநோய் ஒழிந்ததன் நினைவு என்பார் ஒருவர். காதலி பாகமதியை முதன்முதலாகக் கண்ட இடம் என்பார் இன்னொருவர். நான்கு மினார்களும் நான்கு கலீஃபாக்களைக் குறிக்கின்றன என்பார் மூன்றாமவர். கல்விப்புலத்தில் இஸ்லாமிய ஆயிரமாம் ஆண்டு, ஈரானிய நகரமைப்பு, காகதீயர் மரபு என விடைகள் வேறாகின்றன. இத்தனை விடைகளும் பிறக்க இடம் கொடுத்தது கட்டடத்தின் மௌனம்தான். எதற்காகக் கட்டினோம் என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் சார்மினாரில் இல்லை. மினார்களின் உயரத்தைக்கூட 48.7 மீட்டர் என்று ஒரு சாராரும் 56 மீட்டர் என்று மறு சாராரும் எழுதி வருகிறார்கள்.

நான்கு கலீஃபா விளக்கத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். குதுப் ஷாஹிகள் ஷியா பிரிவினர். முதல் மூன்று கலீஃபாக்களின் உரிமையை ஏற்காத ஒரு மரபின் அரசர், தன் தலைநகரின் நடுவில் அவர்களைச் சிறப்பிக்க மினார்கள் எழுப்பினார் என்பது பொருந்தாது. மற்ற விடைகள் இவ்வளவு எளிதில் விலகுவதில்லை.

2. கொள்ளைநோயும் பூனைத் தலையும்

பரவலாக நம்பப்படுவது கொள்ளைநோய்க் கதைதான். நகரத்தில் நோய் பரவியது, சுல்தான் இறைவனிடம் வேண்டினார், நோய் தணிந்தது, வேண்டிய இடத்திலேயே நன்றிக்கடனாகச் சார்மினாரைக் கட்டினார் என்று கதை போகிறது. சில நூல்கள் நோயைப் பிளேக் என்கின்றன, சில காலரா என்கின்றன. தமிழில் 'கொள்ளைநோய்' என்று எழுதும்போது இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போய்விடுகிறது. ஊரையே கொள்ளைகொண்டு போகும் எந்த நோய்க்கும் அந்தச் சொல் பொருந்தும். பாரசீக வரலாற்றெழுத்திலும் இதே நெகிழ்ச்சி உண்டு. 'வபா' என்பது பொதுவாகப் பரவும் நோய், 'தாஊன்' என்பது கட்டி கண்டு கொல்லும் நோய். ஒன்று மற்றொன்றாக மொழிபெயர்க்கப்பட்டால் வரலாறே மாறிவிடும்.

கதைக்குள் ஒரு முரண்பாடும் இருக்கிறது. சார்மினார் புதிய நகரத்தின் தொடக்கப் புள்ளி. அதைச் சுற்றித்தான் ஹைதராபாத் வளர்ந்தது. ஊரே எழும்பாத இடத்தில் ஊரைப் பீடித்த நோய் எது? கோல்கொண்டாக் கோட்டையில் நெரிசல் மிகுந்து நீரும் காற்றும் கெட்டதால் நோய் வந்தது, அதனால்தான் மூசி ஆற்றுக்குத் தெற்கே புது நகரம் காண முனைந்தார்கள் என்று கொண்டால் கதை சற்று நிமிர்ந்து நிற்கிறது. அப்போதும் நோய் நகரம் இடம்பெயர்ந்ததற்குக் காரணமாகிறதே தவிர, இந்த ஒரு கட்டடத்துக்குக் காரணமாவதில்லை.

கொள்ளைநோய்க் கதையை ஆதரிப்போர் கட்டடத்திலேயே ஒரு சான்று காட்டுவதுண்டு. கிழக்குப் பக்க வளைவின் சுதை வேலைப்பாட்டுக்கு நடுவே ஒரு சிறு பூனைத் தலை இருக்கிறது. யாராவது விரலை நீட்டிக் காட்டினால்தான் தெரியும். தெரிந்துவிட்டால் பிறகு கண் அதை விட்டு நகராது. எலிகளால் பிளேக் வருகிறது, எலிகளைப் பூனை கொல்கிறது, ஆகவே இது பிளேக் ஒழிந்ததன் குறி என்பது வாதம். இதற்கு எளிய மறுப்பு ஒன்று உண்டு. பிளேக் கிருமியை யெர்சின் இனங்கண்டது 1894இல். எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக அது மனிதருக்குத் தாவுவதைப் பால்-லூயி சிமோன் காட்டியது 1898இல். 1591இன் சுதைக் கலைஞருக்கு இது எப்படித் தெரியும்?

இந்த மறுப்பு நான் முதலில் நினைத்த அளவுக்கு வலுவானதன்று. கிருமி தெரியாமலே எலி சாவதையும் மனிதர் சாவதையும் மக்கள் சேர்த்துப் பார்த்திருக்க முடியும். ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்புகளில் 1618–19இன் ஆக்ரா நோய்ப் பரவலைப் பற்றி எழுதும்போது, ஒரு மாளிகையில் எலி ஒன்று போதையேறியது போலத் தள்ளாடி வந்ததையும், அதைக் கவ்விய பூனை உடனே விட்டுவிட்டு நோயுற்றதையும், அடுத்துப் பணிப்பெண் ஒருத்திக்குக் கட்டி கண்டதையும் வரிசையாகப் பதிவு செய்கிறார். சிமோனுக்கு ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன்பே எலி, பூனை, மனிதர் ஆகிய மூவரையும் ஒரே சங்கிலியில் கோத்த கவனிப்பு அது. ஆகவே பூனைத் தலையை அறிவியல் வரலாற்றின் பெயரால் மட்டும் தள்ளிவிட முடியாது.

அதே குறிப்புகள் கொள்ளைநோய்க் கதையின் அடித்தளத்தை வேறு விதமாக அசைக்கின்றன. 1616இல் பஞ்சாபில் தொடங்கிய இந்த நோய் இதற்கு முன் இந்துஸ்தானத்தில் தோன்றியதில்லை என்று முதியவர்களிடமும் பழைய நூல்களிலும் விசாரித்து அறிந்ததாக ஜஹாங்கீர் எழுதுகிறார். வட இந்தியப் பேரரசரின் விசாரணை தக்காணம் முழுவதையும் அளந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் 25 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய அரசின் தலைநகரைக் காலி செய்யவைத்த பிளேக், ஊர் ஊராகச் செய்தி சேகரிக்கும் முகலாய அவையின் காதுக்கு எட்டாமல் போயிருக்குமா என்ற ஐயம் நியாயமானது.

என் முடிவு இது. 1590ஐ ஒட்டிக் கோல்கொண்டாவில் ஏதோ ஒரு நோய்ப் பரவல் இருந்திருக்கலாம். அதைப் பிளேக் என்று உறுதிசெய்யவோ, சார்மினாரை அதன் நினைவுச்சின்னம் என்று கூறவோ போதிய சான்று இல்லை. கதை இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு வேறொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. 1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக் தக்காணம் எங்கும் பரவியது. ஒரு தலைமுறையே அந்த அச்சத்தில் வாழ்ந்தது. கதை அப்போதுதான் பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பழைய கதை ஒன்று புதிதாக வேர்பிடிக்க அந்தக் காலம் ஈரமண்ணாக இருந்திருக்கும். கொரோனாவைக் கடந்து வந்த நமக்கு இது புரியாததல்ல. தொற்றுக்குப் பிறகு அந்தப் பூனைத் தலையைப் பார்க்கிறவர் முன்போலப் பார்ப்பதில்லை.

3. பாகமதி: சுருக்கமாக

பாகமதி விவாதம் தனி நூலுக்கு உரியது. இங்கே சார்மினாருக்குத் தேவையான அளவு மட்டும். அக்பரின் தூதராகத் தக்காணம் வந்த ஃபைஸி, 'தபகாத்-இ-அக்பரி' எழுதிய நிஜாமுத்தீன் அகமது, சற்றுப் பின்னால் வந்த ஃபெரிஷ்தா ஆகியோர் நகரத்தின் பெயரைப் பாகமதியோடு இணைக்கிறார்கள். இவர்களில் எவரும் கோல்கொண்டா அவையைச் சேர்ந்தவரல்லர். குதுப் ஷாஹி வரலாற்றின் முதன்மை ஆய்வாளர்களில் ஒருவரான ஹெச். கே. ஷேர்வானி பாகமதி என்பவர் இருந்ததையே ஏற்கவில்லை. நாணயமோ கல்வெட்டோ அவையின் சொந்த வரலாறோ அவரைப் பேசவில்லை என்பது அவர் வாதம். நரேந்திர லூதர் அந்தக் காதலை மெய் என்று எழுதினார். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வணிகர் தவெர்னியே கேட்ட கதையிலோ அரசியின் பெயர் நாகர்!

ஷேர்வானியின் ஒரு வாதம் மட்டும் எனக்கு அசைக்க முடியாததாகத் தோன்றுகிறது. பாகமதியைக் காண இளவரசர் முகம்மது குலி வெள்ளத்தில் குதிரையை இறக்கினார், பதறிய தந்தை மூசியின் மேல் பாலம் கட்டினார் என்கிறது கதை. அந்தப் பாலமான புரானா புல் இப்ராஹிம் குதுப் ஷாவால் 1578இல் கட்டப்பட்டது. இளவரசருக்கு அப்போது வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ. பாலம் சொல்லும் செய்தி வேறு: நகரம் பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கோல்கொண்டா கிழக்கு நோக்கி ஆற்றைக் கடக்கத் தயாராகிவிட்டது. கிழக்கே போனால் மசூலிப்பட்டினம். அரசுக்குக் கடலைத் திறந்துவிட்ட துறைமுகம். கோல்கொண்டாவிலிருந்து மசூலிப்பட்டினத்துக்குப் போகும் அந்த வணிகப் பாதையின் மேல்தான் சார்மினார் நிற்கிறது.

4. ஆயிரத்தைக் கூட்டிப் பார்த்தல்

கல்வெட்டு இல்லாத கட்டடத்துக்கு மரபு ஒரு காலக் குறிச்சொல்லைத் தந்திருக்கிறது: 'யா ஹாஃபிஸ்'. 'காப்பவனே' என்று இறைவனை அழைக்கும் விளி அது. அரபு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் அப்ஜத் முறையில் ஓர் எண் உண்டு. மேளகர்த்தா ராகப் பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகளில் ராகத்தின் வரிசை எண் ஒளிந்திருப்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இம்முறை அந்நியமாக இராது. கூட்டிப் பார்க்கலாம். 'யா'வில் ய 10, அலிஃப் 1. 'ஹாஃபிஸ்' என்பதில் ஹ 8, அலிஃப் 1, ஃப 80, கடைசியில் வரும் ழா எழுத்து 900. மொத்தம் சரியாக 1000.

ஹிஜ்ரி 1000 என்பது கி.பி. 1591 அக்டோபரில் தொடங்கி 1592 அக்டோபரில் முடிந்த ஆண்டு. அது இன்னுமோர் ஆண்டாக எவருக்கும் தோன்றவில்லை. மஹ்தி வருவார், உலகம் புதுப்பிக்கப்படும் என்ற எதிர்பார்ப்பு இஸ்லாமிய உலகில் பல ஆண்டுகளாகத் திரண்டு வந்திருந்தது. அக்பர் ஆயிரம் ஆண்டு வரலாற்றைத் தொகுக்க 'தாரீக்-இ-அல்ஃபி' என்னும் நூலை 1582இலேயே பணித்தார். 'ஆயிரம்' என்று பொறித்த நாணயங்களையும் அடித்தார். கோல்கொண்டாவின் அண்டை அரசான அகமதுநகரில் மஹ்தவி இயக்கத்தைச் சேர்ந்த ஜமால் கான் 1591இல் போரில் கொல்லப்படும்வரை ஆட்சியைத் தன் கையில் வைத்திருந்தார். ஆயிரமாம் ஆண்டு பற்றிய பேச்சு கோல்கொண்டாவின் எல்லைக்கு அப்பால் அரசியலாகவே நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு ஷியா சுல்தான் புத்தாயிரத்தைப் புது நகரத்தோடு தொடங்குவதும், நகரத்துக்கு ஹைதர் என்னும் அலியின் பெயரைச் சூட்டுவதும், அவர் அமைச்சர் மீர் முமின் ஆஸ்தராபாதியைப் போன்ற கற்றறிந்த ஈரானியர் அதற்குத் திட்டம் வகுப்பதும் ஒன்றோடொன்று பொருந்தி வருகின்றன.

இந்த விளக்கத்தை நான் பெரிதும் ஏற்கிறேன். ஆனால் குறிச்சொல்லை இன்னொரு முறை பார்க்க வேண்டும். எண் 1000 வர வேண்டுமென்றால் எத்தனையோ சொற்களைத் தேடியிருக்கலாம். அகப்பட்டது 'காப்பவனே'. எதிலிருந்து காப்பது? நோயிலிருந்தா, ஆயிரமாம் ஆண்டின் அழிவச்சத்திலிருந்தா, படையெடுப்பிலிருந்தா? எண்ணைப் பிடித்தால் ஆயிரமாம் ஆண்டுக் கொள்கை வலுப்பெறுகிறது. பொருளைப் பிடித்தால் கொள்ளைநோய்க் கதைக்கு ஒரு சிறு மூச்சு கிடைக்கிறது. ஒரே சொல் இரு தரப்புக்கும் சாட்சி சொல்லும்போது, அதை ஆண்டுக்கான சான்றாக மட்டும் ஏற்று நோக்கத்துக்கான சான்றாகக் கொள்ளாமல் விடுவதே முறை.

5. வாரங்கல்லின் நினைவு

ஹைதராபாத்தை 'புதிய இஸ்ஃபஹான்' என்று எழுதுவது ஒரு வழக்கம். மீர் முமின் ஈரானியர் என்பதால் திட்டமும் ஈரானியமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இதன் பின்னால் இருக்கிறது. நாட்களை வரிசைப்படுத்தினால் சிக்கல் தெரியும். ஷா அப்பாஸ் தன் தலைநகரை இஸ்ஃபஹானுக்கு மாற்றியது 1598 வாக்கில். நக்ஷ்-இ-ஜஹான் சதுக்கமும் அதன் புகழ்பெற்ற கட்டடங்களும் அதற்கு அப்பால் வந்தவை. 1591இன் ஹைதராபாத், பின்னால் எழப்போகும் ஒன்றைப் பார்த்து எழுதியிருக்க முடியாது. சந்தைத் தெருக்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கட்டடம் எழுப்பும் 'சஹார்சு' என்னும் பழைய ஈரானிய வழக்கம் மீர் முமினுக்குத் தெரிந்திருக்கும் என்பது உண்மை. குல்சார் ஹவுஸின் பழைய பெயரே 'சார்சு கா ஹவுஸ்'தான். ஆனால் நாற்சந்தியில் உயர்ந்த கட்டடம் எழுப்ப தக்காணத்தார் ஈரானைத் தேடிப் போக வேண்டியதில்லை. குதுப் ஷாஹிகள் எந்த அரசிலிருந்து பிரிந்தார்களோ, அந்தப் பஹ்மனி அரசின் தலைநகரான பீதரில், நகரின் நடுச் சந்தியில் 'சௌபாரா' என்னும் வட்டக் கோபுரம் இன்றும் நிற்கிறது.

ரிச்சர்ட் ஈட்டனும் ஃபிலிப் வாக்னரும் 2014இல் வெளியான தங்கள் நூலில் இன்னும் ஆழத்துக்குப் போனார்கள். ஹைதராபாத்தின் நகரமைப்பு காகதீயர் தலைநகரான வாரங்கல்லை நினைவில் கொண்டது என்பது அவர்கள் வாதம். வாரங்கல் கோட்டையின் நடுவில் சுயம்பு சிவன் கோயில் இருந்தது. நான்கு திசை வாயில்களிலிருந்து வரும் பாதைகள் அதை நோக்கி வந்தன. கோயில் வளாகத்தைச் சுற்றி நான்கு திசைக்கு ஒன்றாக நான்கு கல் தோரணங்கள். 1323இல் துக்ளக் படை வாரங்கல்லைக் கைப்பற்றிய பின் கோயில் அழிந்தது, தோரணங்கள் நின்றன. பதினாறாம் நூற்றாண்டில் வாரங்கல் குதுப் ஷாஹிகள் கைக்கு வந்தபோது அந்த வெறும் நாற்புறத் தோரணங்கள் அங்கே நின்றுகொண்டிருந்தன.

இப்போது சார்மினாரின் வடக்கு மாடத்தில் நின்று குல்சார் ஹவுஸைப் பாருங்கள். நடுவில் நீர்த்தொட்டி. அதைச் சுற்றி நான்கு திசைக்கு ஒன்றாக நான்கு கமான்கள்: தெற்கே சார்மினார் கமான், வடக்கே மச்லி கமான், கிழக்கே காலி கமான், மேற்கே அரண்மனைக்குப் போகும் வழியாக இருந்த ஷேர்-இ-பாதில் கமான். வாயில் என்றால் அதையொட்டி மதில் இருக்க வேண்டும். இவை மதில் இல்லாத வாயில்கள், வாரங்கல்லின் தோரணங்களைப் போலவே. அந்த ஒப்புமையைப் படித்த பிறகு முதன்முறை அங்கே நின்றபோது, வண்டிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் எனக்கு மெய் சிலிர்த்தது. கூர் வளைவும் சுதையும் ஒரு மரபிலிருந்து வந்தவை. நடுவெளியும் நாற்புற வாயிலும் வேறொரு மரபைச் சேர்ந்தவை.

வாதத்தின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். நான்கு திசையும் நடுப்புள்ளியும் உலகின் பல நகரங்களுக்குப் பொது. மதுரையின் சதுர வீதிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதை வாரங்கல்லின் நகல் என்று சொல்ல மாட்டார்கள். வடிவ ஒப்புமை தொடர்புக்குப் போதாது. தொடர்பு நடந்திருக்கக்கூடிய வழியைக் காட்ட வேண்டும். குதுப் ஷாஹிகள் விஷயத்தில் வழி தெளிவாகவே இருக்கிறது. முகம்மது குலியின் தந்தை இப்ராஹிம் இளமையில் ஏழு ஆண்டுகள் விஜயநகரத்தில் தஞ்சம் இருந்தவர். தெலுங்குக் கவிஞர்கள் அவரை 'மல்கிபராமா' என்று பாடினார்கள். அவருடைய பிரபுக்களில் ஒருவரான அமீன் கானுக்குப் பொன்னகண்டி தெலகன்னா 'யயாதி சரித்ர'த்தைத் தூய தெலுங்கில் எழுதிக் காணிக்கையாக்கினார். முகம்மது குலி தக்கனி மொழியில் பெருந்தொகுப்பாகக் கவிதை விட்டுச் சென்றவர். மக்கள் நிறைந்த ஊராகத் தன் நகரம் விளங்க வேண்டும் என்ற வேண்டுதல் அதில் வருகிறது. இத்தகைய அவைக்குக் காகதீயர் நினைவு அந்நியச் சரக்காக இருந்திருக்காது. தெலுங்கு நாட்டை ஆள்கிறவர் அந்நாட்டின் பழைய தலைநகர் வடிவத்தைக் கையில் எடுப்பது ஆட்சியுரிமைக்குச் செய்யும் அறிவிப்பும் ஆகும்.

தெலங்கானா மாநிலம் 2014இல் உருவானபோது அதன் இலச்சினையில் காகதீயத் தோரணத்தையும் அதனுள் சார்மினாரையும் வைத்தார்கள். இரு மதங்களின் சமநிலைக்கு அடையாளமாகத்தான் பலரும் அதைப் படிக்கிறார்கள். ஈட்டன்–வாக்னர் வாதம் சரியென்றால் அந்தப் படம் அதைவிட நெருக்கமான உறவைக் காட்டுகிறது: தோரணம் சார்மினாரின் முன்னோர்களில் ஒன்று.

6. தண்ணீர், தொழுகை, பழக்கடை

இதுவரை பார்த்த விளக்கங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொது நம்பிக்கை உண்டு: சார்மினார் ஏதோ ஒன்றைக் குறிக்கக் கட்டப்பட்டது. அதன் உள்ளமைப்பு இந்த நம்பிக்கையைச் சற்று தளர்த்துகிறது. கூரைத் தளத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. மேல்தளத்தில் ஒரு காலத்தில் மதரசா நடந்தது என்பது மரபு. கீழே நடுவில் ஒரு நீர்த்தொட்டி. 1667 வாக்கில் இங்கே வந்த பிரெஞ்சுப் பயணி தெவெனோ இன்னொன்றையும் சொல்கிறார். அரண்மனையின் உயர்ந்த அறைகளுக்கு நீர் எட்ட வேண்டும் என்பதற்காக, இந்தக் கட்டடத்தின் மாடங்கள் வழியாகத்தான் நீரை மேலே ஏற்றினார்கள் என்பது அவர் குறிப்பு. அவர் பார்த்ததை முழுக்கச் சரியாகப் புரிந்துகொண்டாரா என்பதில் ஐயப்பட இடமுண்டு. ஆனாலும் கட்டடம் எழுந்து முக்கால் நூற்றாண்டு கழித்து ஊரார் அவருக்குச் சொன்ன விளக்கத்தில் நீர் வருகிறது, அது கவனத்துக்குரியது.

தெவெனோவின் பக்கத்தில் என்னை மிகவும் தொட்டது வேறு. நகரத்திலேயே இதைவிட அழகான வெளித்தோற்றம் வேறில்லை என்று வியந்த கையோடு, அதைச் சுற்றி மரத்தால் ஆன, வைக்கோல் வேய்ந்த, பார்க்கச் சகிக்காத பழக்கடைகள் நெருக்கிக்கொண்டு காட்சியைக் கெடுக்கின்றன என்று அவர் குறைபட்டுக்கொள்கிறார். இன்று அதே இடத்தில் சக்கர வண்டிகளில் பப்பாளியும் சப்போட்டாவும் குவிந்திருக்கின்றன. மாடத்திலிருந்து குனிந்தால், ஒரு வியாபாரி பப்பாளியை நீளவாக்கில் பிளந்து, விதையைக் கத்தி முனையால் வழித்தெடுத்து, சிவந்த பக்கம் மேலே தெரிய அடுக்குவது தெரிகிறது. ஏறத்தாழ 360 ஆண்டுகளாகப் பழக்கடை அங்கேயே இருக்கிறது. வைக்கோல் கூரைதான் நைலான் படுதா ஆகியிருக்கிறது.

லாட் பஜாரும் அப்படியே. 'லாட்' என்ற பெயரை அரக்கோடு சேர்த்துச் சொல்பவர்கள் அங்கே உண்டு. தணலில் காட்டி இளக்கிய அரக்கை உருட்டி, நீட்டி, வளைத்து, சூடு ஆறுமுன் கண்ணாடிக் கற்களை ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். கற்களைப் பதிக்கும் விரல் அரக்கின் சூட்டிலேயே இருக்கிறது. கல்யாணச் சாமான் வாங்க வரும் குடும்பங்கள் சார்மினாரை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. அவர்களுக்கு அது வழி; வடக்குக் கடையிலிருந்து மேற்குக் கடைக்குப் போகத் திரும்பும் இடம்.

கட்டடத்தின் முதல் வேலை அதுவாகவே இருந்தது என்பது என் வாதம். கோல்கொண்டா–மசூலிப்பட்டினப் பாதையும் வடக்கு–தெற்குப் பாதையும் சந்திக்கும் இடத்தில், இனி இதுதான் ஊரின் நடு என்று எல்லோருக்கும் தெரியும்படி ஒரு சந்தியைத் தூக்கி நிறுத்தினார்கள். அரசச் சதுக்கம் தனியே குல்சார் ஹவுஸில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சார்மினாரைக் கொண்டுபோய் அரண்மனை வாசலில் வைக்கவில்லை. வணிகர்களும் யாத்திரிகர்களும் கடந்துபோகும் இடத்தில் வைத்தார்கள். ஆயிரமாம் ஆண்டு அதற்கு நேரத்தைக் கொடுத்தது. வாரங்கல்லும் பீதரும் வடிவத்தின் இலக்கணத்தைக் கொடுத்தன. நோய் பற்றிய அச்சமும் நன்றியும் மக்கள் பின்னர் அதில் கொண்டுவந்து வைத்த பொருள். கோயில் கல்லில் குங்குமம் வைப்பது போல. அதைத் துடைத்தெறிய வேண்டியதில்லை. அஸ்திவாரம் என்று எண்ணிக்கொள்ளவும் வேண்டியதில்லை.

7. சுதை உதிரும்போது

இந்தக் கேள்வி வரலாற்று ஆர்வத்தோடு நின்றுவிடுவதில்லை. சார்மினாரை என்னவாக நினைக்கிறோமோ அப்படித்தான் காப்போம்.

கட்டடம் கருங்கல்லும் சுண்ணச்சாந்தும் சேர்ந்தது. மேலே தெரியும் பூவும் கொடியும் நுண்ணிய சுதை. சுதைக்கு எப்போதும் வைத்தியம் தேவை. மின்னல் தாக்கிச் சிதைந்த தென்மேற்கு மினாரை ஒருமுறை 60,000 ரூபாய் செலவில் சீர்செய்தார்கள். 1824இல் ஒரு லட்சம் ரூபாயில் மேற்பூச்சு முழுவதையும் புதுப்பித்தார்கள். 1889இல் நான்கு பக்கமும் கடிகாரங்கள் ஏறின. 2019 மே மாதத் தொடக்கத்தில் ஒரு மினாரின் சுதை வேலைப்பாட்டிலிருந்து ஒரு பகுதி பெயர்ந்து கீழே விழுந்தது. பல பத்தாண்டுகளாகப் பேருந்தும் லாரியும் ஆட்டோவும் அதைச் சுற்றியே போய்க்கொண்டிருந்தன. அந்தப் புகையும் அதிர்வும் சுதையின் மேல்தான் படிந்தன. ஆகவே வண்டிகளை விலக்கி, சுற்றிலும் கல் பாவி நடைபாதை ஆக்கியதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். அது இன்னும் முன்பே நடந்திருக்க வேண்டும்.

அதோடு சேர்ந்து எழும் இன்னொரு குரல்தான் எனக்குக் கவலை தருகிறது. தள்ளுவண்டிகளையும் நடைபாதை வியாபாரிகளையும் அகற்றிவிட்டால் சின்னம் 'நன்றாகத் தெரியும்' என்கிறது அது. தாஜ்மஹால் தோட்டத்தின் ஒரு கோடியில் தனித்து நிற்கக் கட்டப்பட்டது. அதை அப்படியே பார்ப்பது நியாயம். சார்மினார் தனித்து நிற்கக் கட்டப்படவில்லை. அதன் நான்கு வளைவுகளும் திறந்திருப்பது காற்று வரவும் வெளிச்சம் வரவும் மட்டுமல்ல, ஆள் வரவும்தான். வளைவுகளைச் சுற்றி வேலி போட்டுச் சீட்டு வாங்கியவர் மட்டும் நுழையும் இடமாக ஆக்கிய அன்றே அதன் ஒரு பங்கு போய்விட்டது. கடைகளும் போனால் மிஞ்சுவது சுதையும் கல்லும். வியாபாரிகளுக்கு இடம் குறித்து, குப்பைக்கும் அடுப்புப் புகைக்கும் ஒழுங்கு வகுத்து, அவர்களையும் சின்னத்தின் பகுதியாக எழுதிக்கொள்ளும் திட்டம் வேண்டும். குதுப் ஷாஹி ஹைதராபாத்தைப் பற்றி நாம் அறிந்த எதுவும் இதற்கு எதிராக இல்லை.

இறங்கும்போது படிக்கட்டில் எதிரே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வந்தது. சுவரோடு ஒட்டி நின்றேன். முப்பது நாற்பது பேர் கடந்து போக நேரம் ஆனது. கீழே வந்து கிழக்கு வளைவைச் சுற்றி நடந்து, பூனைத் தலையை மறுபடி தேடினேன். உடனே அகப்படவில்லை. பக்கத்தில் வண்டியில் சாய்ந்திருந்த பழக்காரர் நான் எதைத் தேடுகிறேன் என்று கேட்கவே இல்லை. வலது கையில் கத்தி இருந்ததால் இடது கையை உயர்த்தி, "பில்லி? உதர்" என்று காட்டிவிட்டு, அடுத்த பப்பாளியைப் பிளக்கக் குனிந்தார்.